விளக்கை விளக்கிய கதை

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவ வந்த தணிகாசலத்தின் கையில் டூத்பேஸ்டைக் கண்டதும், மஞ்சளடித்துப்போன முன்விளக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷமும் இதைத்தான் தேய்ச்சார். மேலே வெயில் தாங்குற பூச்சு ஒண்ணு பூசினாரா?" என்று சீறியது.

"உன் பேரே விளக்குதானே? அதான் விளக்க வந்திருக்கேன்" என்று இளித்தது பேஸ்ட்.

"பல்லைத் தினமும் விளக்குறாங்க. எனக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு நாளா? பேசாம மூடியை மூடு!"

தேய்த்து முடித்ததும் விளக்கு பளிச்சென்று ஆனது. தணிகாசலம் பூச்சு எதுவும் பூசவில்லை; சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குள் மறுபடி மஞ்சள்.

"பளபளன்னு இருந்துச்சே, எவன் கண்ணு பட்டுச்சோ!" என்று பல்லைக் கடித்தவர், எலுமிச்சையும் மிளகாயும் கோத்து விளக்குக்குப் பக்கத்திலேயே கட்டினார்.

விளக்கு கத்தியது: "கண்ணு இல்லைய்யா, வெயில் பட்டுச்சு, வெயிலு!"