முதல் வாய்

மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா பன்றியின் மேல் கை வைத்துவிட்டாள்.

முழுசாகச் சுட்டு மேசை நடுவில் வைத்திருந்த பன்றி. மொறுமொறுவென்று சிவந்த தோல். கத்தியைக்கூடத் தேடவில்லை. விரலாலேயே பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டாள். அவள் கடித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மேயர் பேச்சை நிறுத்தினார்.

"மன்னிக்கணும் மேயர், பசி தாங்கல" என்றாள் அம்மா, மென்றுகொண்டே. "நீங்களும் சாப்பிட்டுக்கிட்டே பேசுங்க. ஃபாதர், தட்டை எடுங்க. எல்லாரும் எடுங்கப்பா, ஜூஸ் சூடாகுது பாருங்க!"

டம்ளர்களை நிரப்பி, நிரப்பி, கண்ணில் பட்டவர்கள் கையிலெல்லாம் திணித்தாள்.

மரிபெலுக்குப் பூமிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. இவளா தன் அம்மா? கொன்சோலாசியோன் என்ற அவள் பெயர் அந்தக் கடற்கரை ஊரில் மரியாதைக்கு மறுபெயர். ஒவ்வொரு வருஷமும் திருவிழா விருந்து இந்த வீட்டில்தான். கடைசி விருந்தாளி கை கழுவிய பிறகுதான் அவள் தன் தட்டைத் தொடுவாள்.

"வயசானா நாக்கு நீளும் போல" என்று ஜன்னலோரம் யாரோ கிசுகிசுத்தார்கள். கூடவே சிரிப்பு.

மேயர் நல்ல மனுஷர். "நானும் வந்ததிலிருந்து அந்தப் பன்றியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்!" என்று உட்கார்ந்துவிட்டார்.

மிச்சப் பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. புதிதாகக் கட்டிய பாலர் பள்ளிக்கு, கொன்சோலாசியோனின் மருமகள் ஜொவெலின்தான் தலைமை ஆசிரியை என்று அறிவித்தார். ஜொவெலின் எழுந்தாள். குரல் பிசகாமல், சிரித்த முகமாக நன்றி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மரிபெல் அம்மாவைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போனாள்.

"மானம் போச்சும்மா! எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. இனி அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"பசிச்சுது. சாப்பிட்டேன்."

"காலையில சோறும் கருவாடும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டியே, நான்தானே போட்டேன்!"

"அது காலையில."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள்.

"அம்மாவைத் திட்டாதீங்கக்கா." வாசலில் ஜொவெலின் நின்றுகொண்டிருந்தாள். "எனக்காகத்தான் அப்படிச் செஞ்சாங்க."

"நீ சும்மா இருடி. போய் விருந்தாளிங்களைக் கவனி" என்றாள் அம்மா.

"இல்லம்மா, சொல்லிடறேன்."

ஜொவெலினுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். ஒவ்வொரு வேளையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள். அவ்வளவு மரிபெலுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டுக்கொண்டதில்லை.

"அதே ஊசி, அதே சோறுதான். ஆனா ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். என் சர்க்கரை யார் பேச்சையும் கேட்காதுக்கா. காலையிலேருந்து படபடப்பா இருந்ததுல கன்னாபின்னான்னு ஏறியிருந்துது. ஃபாதர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சதும், இதோ சாப்பாடு வந்துடும்னு ஊசி போட்டுக்கிட்டேன். மேயர் 'ரெண்டே வார்த்தை'ன்னு எழுந்தார். அவர் தாத்தா காலத்துலேருந்து ஆரம்பிச்சுட்டார்."

"அடக் கடவுளே."

"ஊசி வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. வயித்துல ஒண்ணுமில்ல. பையில வச்சிருந்த மிட்டாயெல்லாம் தின்னேன், பத்தல. வேர்த்துக் கொட்டுது, கண்ணு மங்குது. எழுந்தா விழுந்துடுவேன்."

"வாயைத் திறந்து கேக்கிறதுக்கென்ன?"

"அந்த நேரத்துல கேக்கணும்னுகூடத் தோணாதுக்கா. மூளையே ஓடாது."

அம்மா குழாயை மூடினாள். "எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். கரண்டியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு அதையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அவளுக்கு மட்டும் ஒரு டம்ளர் ஜூஸைக் கொடுத்திருக்கலாமேம்மா?"

"கொடுத்தா? அத்தனை கண்ணும் அவ மேலதான் விழும். அவ வேலை பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார், மேயருக்கும் எல்லாம் தெரியும். ஆனா ஊர் வாய்? 'மயங்கி விழுற பொண்ணை நம்பிப் பிள்ளைங்களை எப்படி விடறது'ன்னு கோயில் வாசல்ல நின்னு பேசினவங்கதான் இன்னைக்கு நம்ம கூடத்துல உட்கார்ந்திருக்காங்க. இன்னைக்கு அவளோட நாள்டி. பார்க்கிறவங்க என்னைப் பார்க்கட்டுமேன்னு தோணுச்சு."

"அந்தச் சந்தடியில என் கையில மட்டும் ரெண்டு டம்ளர் திணிச்சாங்க" என்றாள் ஜொவெலின். "இப்பத்தான் சோதிச்சுப் பார்த்தேன். சரியாயிடுச்சு."

அம்மா ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு. "அதை விடு. என் மருமக எப்படிப் பேசினா, பார்த்தியா?"

மரிபெல் இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்னடி மரிபெல்" என்று சித்தி நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். "உங்கம்மாவுக்கு அப்படி என்ன பசி? சோறே காணாதவ மாதிரி!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரிபெல் தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா மாதிரி பசி அறிஞ்சவங்க இந்த ஊர்லயே கிடையாது சித்தி!"