நார்மன் வீட்டு ஓட்டு
ஓட்டுச்சாவடியான தேவாலயக் கூடத்து வாசலில், ஒரே குடைக்குள் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளெனிஸின் கோட்டில் சிவப்பு ரிப்பன், நார்மனின் கோட்டில் நீலம். போன தடவை முப்பத்தோரு ஓட்டில் நீலம் தப்பித்த தொகுதி இது. ஆனாலும் ஃப்ளாஸ்க் ஒன்றுதான். சாரல் பெஞ்சில் தெறிக்கிறது. நார்மன் தன் ஓட்டைப் போட எழுந்து உள்ளே போகிறார். நாற்பது வருஷமாக அவர் நீலத்துக்குப் போடுவார். கூடவே வரும் மனைவி டோரீன் சிவப்புக்குப் போட்டு அதை அடித்துச் சமன் செய்துவிடுவார். பிப்ரவரியில் டோரீன் இறந்துபோனார். திறந்த கதவு வழியே பார்த்தால், ஓட்டுப் போடும் தட்டிக்குள் பென்சில் கட்டிய நூல் வெகுநேரம் ஆடாமல் தொங்குகிறது. பிறகு இரண்டு முறை அசைகிறது. “உன் ஓட்டை அடிக்க இந்தத் தடவை ஆளில்லை” என்று சீண்ட நினைத்த கிளெனிஸ், திரும்பி வருகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை மட்டும் நீட்டுகிறார். “ரெண்டு கட்சிக்கும் பெருக்கல் குறி போட்டுட்டேன். எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு,” என்கிறார் நார்மன். “ஒரே சீட்டுலயா? அட மனுஷா, அது செல்லாதே!” நார்மன் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். “நாங்க சேர்ந்து போட்டது என்னைக்கு செல்லுபடியாச்சு, கிளெனிஸ்?”