கடைசி மிதவை

சேக் தாவூது மறுபடியும் திரும்பிப் பார்த்தார். பந்தயத்தில் அவருடைய படகுதான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, சிவப்புப் பாய் கட்டிய மலாய்க்காரர் படகு விரட்டிக்கொண்டு வந்தது.

"பின்னாடி பாக்காதீங்க மச்சான், சுக்கானைப் பாருங்க," என்றான் அஸ்மத். அவன் தாவூதின் மனைவி நஃபீசாவுக்குத் தம்பி. பாய்க்கயிறு அவன் கையில் இருந்தது.

"கிட்ட வந்துட்டானா?"

"எங்க வர்றது? வாடைக்காத்து முழுசா நம்ம பாயிலதான் இருக்கு. இந்த வருஷம் நமக்குத்தான்."

தாவூது உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்.

அது 1908ஆம் வருஷப் புத்தாண்டு நாள். சிங்கப்பூரின் பாதி ஜனம் பாடாங் திடலை ஒட்டிய கடற்கரையில் திரண்டிருந்தது. தாவூதுக்கு அங்கே தேக்கா வட்டாரத்தில் கயிற்றுக் கடை. யாரோ ஒரு துரை வேண்டாமென்று கழித்துக்கட்டிய பழைய தேக்குமரப் படகை வாங்கி, விரிசல்களில் பஞ்சு திணித்து, குங்கிலியம் பூசி, தன் கையாலேயே பாய் தைத்துப் போட்டிருந்தார். கடையை அடைத்தால் அவர் கால் படகைத் தேடித்தான் போகும்.

படகு வாங்கிய வருஷம்தான் நாகூரிலிருந்து நஃபீசாவைக் கூட்டி வந்திருந்தார். வந்த புதிதில் அவள் சோறு தண்ணியில்லாமல் அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக ஒருநாள் வாக்குக் கொடுத்தார்.

"புத்தாண்டுப் பந்தயத்துல ஒரு தடவை ஜெயிச்சுட்டேன்னா, அடுத்த கப்பல்லயே ஊருக்குப் போயிடுவோம். அப்புறம் இந்தப் பக்கமே வரவேணாம்."

தாவூது சொன்ன சொல்லை மாற்றாதவர். அது தேக்காவில் எல்லோருக்கும் தெரியும். நஃபீசாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கடைசி நேரத்தில் ஏதாவதொரு படகு அவரை முந்திவிடும்.

படகு கரையோரமாக வந்தது. அஸ்மத் கரையில் நின்ற தன் அக்காவை நோக்கிக் கையை நீட்டினான்.

"லாத்தா நிக்கிது பாருங்க. வண்டியில உக்காரவே இல்ல. இறங்குது, ஏறுது, அங்கயும் இங்கயும் நடக்குது."

தாவூதும் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூவம்மா வண்டியில் இருந்தபடி ஏதோ சொல்லி நஃபீசாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஜனம் தாவூதின் படகைப் பார்த்துக் கைதட்டியது. நஃபீசா மட்டும் முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பாவம், பாக்கக்கூட பயம்," என்றான் அஸ்மத்.

கடைசி மிதவை நெருங்கியது. அதைச் சுற்றித் திரும்பிவிட்டால் எல்லைக்கோடுதான். தாவூது இன்னொரு முறை பின்னால் பார்த்தார். சிவப்புப் பாய் இன்னும் எட்டத்தில்தான் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானை வெளிப்பக்கமாகத் தள்ளினார்.

படகு மிதவையைவிட்டு அகலமாக விலகி ஓடியது. பாய் காற்றை இழந்து படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த இடைவெளிக்குள் சிவப்புப் பாய் நுழைந்து முன்னே போயிற்று.

"என்ன மச்சான் செஞ்சீங்க?"

"கை வழுக்கிடுச்சு."

கை வழுக்கவில்லை. முந்தின வருஷமும் வழுக்கவில்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. இந்தக் கடலையும் கடையையும் படகையும் விட்டு அவரால் இனி எங்கேயும் போக முடியாது. தன்னை நம்பித் தாயை விட்டு வந்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? ஜெயித்தால்தானே வாக்கைக் காப்பாற்ற வேண்டும். இந்த வருஷக் காற்றுதான் அவரைத் தோற்கவிடாமல் படுத்திவிட்டது.

கரையில் இறங்கியதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். அஸ்மத் அவர் முகத்தைப் பார்க்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நஃபீசா வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் தாவூதுக்குத் தான் செய்தது பாவம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"அழாதே நஃபீசா. உன் மனசு எனக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் எப்படியும் ஜெயிச்சு உன்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பூவம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஜெயிச்சுடாதீங்க. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்ல."