காலில் இருப்பு இல்லை

"சரியாத்தான் பாத்தீங்களா? இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க."

பயிற்சியாளர் திரையை முறைத்தார். ஸ்கேன்காரர் அலுப்போடு, பெரியவளின் தொடையில் மறுபடி பசையைத் தடவிக் கருவியை வைத்தார்.

"எத்தனை தடவை வெச்சாலும் இதேதான் சார் வரும். தசை கறுப்பாத் தெரிஞ்சா உள்ள சக்தி நிறைய இருக்குன்னு அர்த்தம். வெளுப்பாத் தெரிஞ்சா காலி. உங்க பெரிய பொண்ணுக்கு சுத்தமா காலி சார்."

பயிற்சியாளருக்குச் சுர்ரென்று ஏறியது. நாளைக்கு ஓட்டப் பந்தயத்தின் இறுதிப் போட்டி. வருஷம் பூராவும் இவளை நம்பித்தான் இருந்தார்.

"ஓடாதே, நல்லா சாப்பிடு, படுத்துக் கிடன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. பட்டினி கிடந்தியா?"

"சாப்பிட்டேன்பா."

"பொய் சொல்லாதே. கால் காட்டிக் குடுக்குது, வாய் மறைக்குது."

வீட்டிலும் அவர் அப்பாவாக இருந்ததைவிட விசில் ஊதிய நேரம்தான் அதிகம். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"உன் தங்கச்சியைப் பாரு. எதிர்த்துப் பேசினதுக்கு நேத்து சாயங்காலம் மைதானத்தைச் சுத்த விட்டேன். கால் வலின்னு சாக்கு சொன்னவ, பிச்சு உதறிட்டா. ஜென்மத்துல அவளுக்கு வராத டைம். நாளைக்கு உனக்குப் பதிலா அவதான் ஓடுவா."

சுவரைப் பிடித்தபடி நின்ற சின்னவள், "வேணாம்பா," என்றாள்.

"நீ வாயை மூடு. சார், இவளையும் பாருங்க. அந்த ஓட்டத்துல கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ராத்திரிக்குள்ள சாப்பிட வெச்சு நிரப்பிடறேன்."

சின்னவள் படுத்தாள். திரை கன்னங்கரேலென்று வந்தது. ஸ்கேன்காரர் தலையைச் சொறிந்தார்.

"இது ததும்புது சார். நேத்து ஓடின காலே இல்ல."

பயிற்சியாளர் அப்போதுதான் திரையை விட்டுக் காலைப் பார்த்தார். சின்னவளின் கணுக்கால் பந்தாக வீங்கியிருந்தது.

"தலையை மூடுற அவ தொப்பிச் சட்டையை மாட்டிக்கிட்டு நேத்து ஓடினது நான்தான்," என்றாள் பெரியவள். குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. "ஒவ்வொரு சுத்துக்கும் உங்க மூஞ்சிக்கு முன்னாடிதான் வந்தேன். நீங்க ஸ்டாப்வாட்ச்சை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லப்பா."