காரணம் எழுதவும்

“மறுபடியும் தூக்கிட்டியா?”

ஆதிகேசவன் லேப்டாப்பைப் பென்னியின் பக்கம் திருப்பினார். விக்கிப்பீடியாவில் ‘புதுவாயல்’ கட்டுரை திறந்திருந்தது. படம் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

பென்னி மடியிலிருந்த சிவப்பு ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

“மூணாவது வாட்டிப்பா. நான் வெச்சிக்கினே இருக்கேன், நீ எடுத்துக்கினே இருக்க. கத்துக்க வந்தியா, இல்ல என் உயிர வாங்க வந்தியா?”

ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் கிரேன் ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்து வந்தால் விக்கிதான். தமிழில் எழுத ஆள் சேர்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

கூப்பிடாமல் வந்து நின்றவன் இந்தப் பென்னிதான். சிப்காட்டில் வேலை என்றான். “விக்கில எப்படி மாத்தறதுன்னு சொல்லித் தருவீங்களா சார்?” என்று அவன் கேட்டபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

கணக்குத் தொடங்க, தலைப்பு போட, மேற்கோள் சேர்க்க என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பையன் எதையும் காதில் வாங்கவில்லை. படத்தை நீக்குவது எப்படி என்பதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். அதையும் அவர் எடுத்த படத்திலேயே செய்து பார்த்தான்.

அது லேசுப்பட்ட படமில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் புதுவாயல் கூட்டு ரோடு. லாரி, ஷேர் ஆட்டோ, டீக்கடை, பைக்கில் போகிறவர்கள் என்று மொத்த ஊரும் அதற்குள் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விக்கியின் முதல் பக்கத்தில் அதைப் போடப் போகிறார்கள். இத்தனை வருடத்தில் அவர் படம் ஒன்று முதல் பக்கத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

“நைனா, நான் கெளம்பறேன்.”

மகள் அருணா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னல் திரை தைத்தபோது மிஞ்சிய துணியில் அவள் அம்மா செண்பகம் தைத்துக்கொடுத்த பை. நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ.

“கம்பெனி பஸ் வந்துடுச்சா?”

“வந்துகினே இருக்குது.” அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பென்னி லேப்டாப்பை விட்டுத் தலை நிமிரவே இல்லை. இப்போதாவது பாடத்தைக் கவனிக்கிறானே என்று ஆதிகேசவனுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

“இத பாரு. இங்க யார் வேணா எத வேணா மாத்தலாம். ஆனா இன்னாத்துக்கு மாத்தனோம்னு கீழ இருக்கற கட்டத்துல காரணம் எழுதணும். நீ மூணு வாட்டியும் காலியா வுட்டுட்ட. இப்படியே அழிச்சிக்கினு இருந்தா, விஷமம் பண்றான்னு உன் கணக்கயே முடக்கிடுவாங்க.”

“எழுதறேன் சார்.”

ஆதிகேசவன் படத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வருவதற்குள் படம் போயிருந்தது. இந்தத் தடவை கட்டத்தில் காரணம் இருந்தது: ‘படம் கிளியரா இல்ல.’

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“கிளியரா இல்லியா? என் படமா? செண்பகம், இந்தக் கூத்த வந்து கேளு!”

“அவங்க வாணாம் சார்!” பென்னி பதறினான். “ஞாயித்துக்கெழமைக்கு வேற படம் போட்டுக்கலாம் சார். நானே எடுத்துக் குடுக்கறேன்.”

“பேஜாரு புடிச்சவனே, டீக்கடை போர்டுல பஜ்ஜி வெல கூடத் தெரியுது பாரு!” படத்தை மட்டும் தனியாகத் திறந்து பெரிதாக்கினார். லாரியைக் காட்டினார், டீக்கடையைக் காட்டினார். ஓரத்தில் ஒரு பைக். சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருவன் ஓட்ட, துப்பட்டாவால் முகத்தை மூடிக் கட்டிய பெண் ஒருத்தி பின்னால் உட்கார்ந்திருந்தாள். “இந்தப் பொண்ணு மடியில இருக்கற பையில பூ கூடத் தெரியுதே…”

மஞ்சள் பூ. பெரிய பெரிய பூ. துணி நீலம்.

ஆதிகேசவன் தலையைத் தூக்கினார். எதிரே ஜன்னலில் அதே துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை மெல்ல இறங்கிப் பென்னியின் மடியிலிருந்த ஹெல்மெட்டில் வந்து நின்றது.

கம்பெனி பஸ்ஸாம், கம்பெனி பஸ்!

பென்னி எழுந்து நின்றுவிட்டான். “ஊட்டுக்கு வந்து மொறையா கேக்கணும்னுதான் சார் அருணா சொல்லிக்கினு இருந்துச்சு. அதுக்குள்ள மொதப் பக்கத்துல வரப்போவுதுன்னு… தெருவே பாக்கும் சார். அருணா பேரு கெட்டுடும்.”

“இன்னாங்க, கூப்டீங்களே?” செண்பகம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். “எந்தப் படம்? ஞாயித்துக்கெழம வரப்போற படமா? காட்டுங்க.”

ஆதிகேசவன் லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

“அது வராது. தம்பி சொல்றதுதான் சரி, படம் கிளியரா இல்ல.”

பிறகு பென்னியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம உங்க நைனாவக் கூட்டினு வா. கிளியரா பேசிக்கலாம்.”