நல்ல பிள்ளைக் கூண்டு

"போச்சு, இதுவும் அவுட்டு!" என்று எலியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். தொட்டியில் விட்ட வெள்ளை எலி நேரே கதவுப் பக்கமாக நீந்திப் போய், அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. அது ஏற வேண்டிய மேடை இருந்ததோ எதிர்ப்பக்கம், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே.

எலியப்பன் என்பது விடுதிப் பையன்கள் வைத்த பேர். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவன். மாதக்கணக்கில் கஞ்சாப் புகையிலேயே வளரும் எலி, கற்றதை மறந்துவிடுமா என்பதுதான் அவன் ஆராய்ச்சி. தினமும் காலையில் புகைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சாக் கோஷ்டிக்குப் புகை போடுவான். வெறும் காற்றை மட்டும் சுவாசிக்கும் இன்னொரு கூட்டத்துக்கு 'நல்ல பிள்ளைகள்' என்று அவனே பேர் வைத்திருந்தான்.

எலிகளுக்குப் பரீட்சை இதுதான். பால்பவுடர் கலந்த தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை கண்ணுக்குத் தெரியாமல் முங்கியிருக்கும். முதல் வாரம் அதைத் தேடிக் கண்டுபிடித்த எலி, அப்புறம் எப்போது தொட்டியில் விட்டாலும் நேரே போய் அதில் ஏறிக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் கோடு கீடு போட்டுவைத்தால் எலி அதைப் பார்த்தே பாஸாகிவிடும். அதனால் தினமும் தண்ணீர் மாற்றியதும், எந்த அடையாளமும் இல்லாமல், நினைவிலிருந்தே அதே இடத்தில் மேடையை இறக்குவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கஞ்சாக் கோஷ்டி திக்குத் தெரியாமல் அலைந்தது. அது அவன் எதிர்பார்த்ததுதான். ஆனால் நல்ல பிள்ளைகளும் கோட்டை விட்டால் எதை வைத்து எதை ஒப்பிடுவது? மூன்று வருஷ உழைப்பு, பட்டம், எல்லாமே தண்ணீரில் போக வேண்டியதுதான்.

கதவு திறந்தது. அவனுக்கு வழிகாட்டும் பேராசிரியை. அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னிக்கும் வந்துட்டியாப்பா?"

"எலிக்கு ஏது மேடம் லீவு?" என்று பெருமையாகச் சொன்னான்.

அவர் உள்ளே வந்தார். கதவை அகலமாகத் திறந்து வைத்தார், மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க மேடம். ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். நம்ம கூண்டு பாத்துக்கிற அக்கா இருக்காங்களே, அவங்க கூண்டை மாத்தி வெச்சுட்டாங்க. நல்ல பிள்ளைகளுக்கும் புகை போயிருக்கு. இல்லேன்னா இதுங்க இப்படி மறக்கவே மறக்காது. இன்னிக்கு ஆளையே காணோம் பாருங்க. மாட்டிக்குவோம்னு பயம்!"

"நான்தான் வர வேணாம்னு சொன்னேன்."

எலியப்பனுக்குப் பாதி உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் உறுத்தவும் செய்தது. தங்கமான மனுஷிதான், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். அதற்காக அவன் தன் வாழ்க்கையையா விட்டுக்கொடுக்க முடியும்?

பேராசிரியை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நல்ல பிள்ளைங்க எல்லாம் ஏன்பா கதவுப் பக்கமே போகுது?"

"முட்டாள்தனத்துலயும் ஒத்துமை மேடம்" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"மொதல் வாரம் மேடை எங்க இருந்துச்சு?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? கடிகாரத்துக்குக் கீழ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவேன்."

அவர் கைப்பேசியை எடுத்து, எதையோ தேடி, அவனிடம் நீட்டினார். கூரையில் இருக்கும் கேமரா முதல் வாரம் எடுத்த படம். அதில் எலியப்பன் விசிலடித்தபடி மேடையைத் தூக்கி வருகிறான். கதவுப் பக்கம் குனிந்து, பதமாக இறக்குகிறான்.

முதலில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தான். அடுத்த நாள் படம், அதற்கடுத்த நாள் படம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவன்தான், எல்லாவற்றிலும் கதவுப் பக்கம்தான்.

புகைப்பெட்டியின் மூடி ஒழுங்காகப் பொருந்தாதது அவனுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதே என்று முகமூடியைக் கழற்றி வைத்ததும் அவன்தான். இரண்டு வருஷமாக எலிகளோடு எலியாக அந்தப் புகையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேடம்... நல்ல பிள்ளைங்க கரெக்டாத்தான் போயிருக்கு. நான்தான் மேடையைத் தப்பான எடத்துல வெச்சிருக்கேன். மறந்தது நான்தான் மேடம்!"

பேராசிரியை தலையை மட்டும் ஆட்டினார்.

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பாவமும் அறியாத அந்தக்கா மேல பழியப் போட்டேனே! நேர்ல போய் மன்னிப்புக் கேக்குறேன். இனிமே இந்த ரூம் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில மொத வேலையா டாக்டரப் போய்ப் பாக்குறேன். சத்தியமா மேடம்!"

பேராசிரியை எழுந்து வந்து, பெற்ற பிள்ளையைத் தொடுவதுபோல் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நேத்தும் இதேதான்பா சொன்னே."