மே மாதத்து இறகுகள்

கூண்டடியில் உதிர்ந்து கிடந்த சிவப்பு இறகுகளை அள்ளி மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான் பிதோங்.

"என்னடி இது?"

"இறகு," என்றாள் நெனித்தா.

"பெரிய கண்டுபிடிப்பு. பகல் குறுகினாத்தான் சேவல் இறகு உதிர்க்கும். மே மாசத்துல எவன் வீட்டுலடி உதிருது? எல்லாம் உன் கைராசி."

மறுநாள் சான் இசிட்ரோ திருவிழாச் சேவல் சண்டை. இந்தச் சேவலை நம்பி அவளுடைய தையல் இயந்திரத்தைப் பந்தயம் வைப்பதாக ஊரறியச் சொல்லியிருந்தான். ஆனால், இறகு உதிர்க்கும் சேவலை எவனும் களத்தில் இறக்க மாட்டான்.

"அப்போ நாளைக்குப் போகலையா?"

"மொட்டைச் சேவலோட போய் நிக்கவா? முளைக்கிற குருத்தைத் தொட்டுடாத, அதுக்கு வலிக்கும். கருவாடு போடு, சீக்கிரம் வளரும். அதையாவது உருப்படியாச் செய். அடுத்த பந்தயத்துல பாத்துக்கறேன்."

"சரிங்க."

வழக்கம்போல மதியமே கள்ளுக்கடைக்குக் கிளம்பினான். அவன் தலை தெருமுனையில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேவலுக்குக் கருவாட்டைக் கிள்ளிப் போட்டாள். தையல் இயந்திரத்தடியில் ஒளித்திருந்த, தானே தைத்த கனத்த கறுப்பு உறையை எடுத்து, தினமும் செய்வதுபோல, உச்சி வெயிலில் இருந்த கூண்டின் மேல் போர்த்தினாள்.

"தூங்குடா ராசா," என்றாள். "பொழுது சாஞ்சிடுச்சு."